குளக்கரை ஏற்றம்

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் இளையரசனேந்தல் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் வற்றிப்போயின. சங்கரன்கோவிலிலிருந்து தன் பழைய பிக்கப்பில் நாலு பீப்பாய் தண்ணீர் ஏற்றிக்கொண்டு இளையரசனேந்தலுக்குத் தினமும் இரண்டு நடை போய் வந்தான் பொன்னுச்சாமி. ஊருக்குள் நுழைய ஒரு குளக்கரையை ஏறித்தான் ஆகவேண்டும்.

அன்றைக்கு வண்டி பாதிக் கரையிலேயே திணறி நின்றது. பிறகு மெல்லப் பின்னால் உருண்டது. பிரேக்கை அழுத்தினான். வண்டி ஒரு பக்கமாக இழுத்துத் திரும்பி, கருவேல மரத்தில் முட்டி நின்றது. கயிறு அறுந்து ஒரு பீப்பாய் கீழே விழுந்து உருண்டது. குடத்தோடு காத்திருந்த பெண்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான்: "வண்டிய வித்துருதேன், அன்னக்கிளி. ஒரு உசுரு போயிருந்தா நான் என்ன செய்வேன்?"

சில மாதமாகவே வண்டிக்கு ஏற்றத்தில் இழுவை போதவில்லை; அதற்கு வாடகை வண்டி ஸ்டாண்டில் கேட்ட யோசனைகள் அவனை ஏற்கெனவே குழப்பியிருந்தன. டீசல் என்ஜின் மாட்டு என்றான் ஒருவன். பெரிய கார்புரேட்டர் போடு என்றான் இன்னொருவன். எதற்கும் அவனிடம் வசதியில்லை.

"விக்கறதுன்னா வித்துக்கிடலாம். அதுக்கு முன்னால மெக்கானிக் ஹுசைன் அண்ணாச்சிகிட்ட ஒருக்கா காட்டுவோம்" என்றாள் அன்னக்கிளி. விடிந்ததும் அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். தனியாக விட்டால் அவன் நேரே தரகரிடம் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

திருவேங்கடம் ரோட்டில் முகம்மது ஹுசைனுக்கு ஒரு தகரக் கொட்டகை. நடந்ததைக் கேட்டவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிவிட்டார். பின்பக்க இடது சக்கரம் அரைச்சுற்றில் நின்றுவிட்டது.

"காலை எடுத்த பிறகும் இந்தச் சக்கரத்துல பிரேக் பிடிச்சுக்கிட்டே இருக்கு வே. என்ஜின் இழுக்கு, இது விட மாட்டேங்கு. ஒரு பக்கமா இழுத்ததும் இதாலதான்."

அதைக் கழற்றிச் சுத்தம் செய்து சரியாக்கினார். காற்று ஃபில்டரைத் தட்டியதும் கரிசல் புழுதி பொலபொலவென்று கொட்டியது. பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தார். பிளக்குகளை மட்டும் புதிதாக மாற்றினார்.

"நீ ஏறி உக்காரும்மா. ஆக்ஸிலேட்டரை முழுசா மிதி" என்றார் அன்னக்கிளியிடம். பொன்னுச்சாமி அப்போது பின்பக்கம் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான்.

"மிதிச்சிட்டேன்."

"இன்னும் மிதி."

"பலகையில முட்டிட்டு அண்ணாச்சி. இதுக்கு மேல போகாது."

கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ஹுசைன் நிமிர்ந்தார். "இங்கன கார்புரேட்டர் வாய் பாதிதான் தொறக்கு. என்ன பலகை அது?"

பொன்னுச்சாமி எழுந்து வந்தான். காலடித் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, புழுதி உள்ளே வந்ததால் பொங்கலுக்கு முன்பு அவனே வெட்டிப் போட்ட பலகை. பெடல் அதில் முட்டி நின்றுகொண்டிருந்தது. ஐந்து மாதமாக அவன் பாதி வண்டியைத்தான் ஓட்டியிருக்கிறான்.

ஹுசைன் பலகையை உருவி வெளியே வைத்தார். ஓட்டையின் மேல் மெல்லிய தகரம் ஒன்றை வெட்டி வைத்துத் திருகாணியால் முடுக்கினார். "என்ஜினுக்கு ஒரு கேடும் இல்ல. இனி மூணு பீப்பாய்க்கு மேல ஏத்தாத. கயித்த மாத்து."

பிளக் விலையும் கூலியும்தான் வாங்கினார்.

மத்தியானம் மூன்று பீப்பாயோடு குளக்கரைக்குப் போனான். அடிவாரத்தில் நிறுத்தி, எல்லோரையும் கரையை விட்டு விலகி நிற்கச் சொன்னான். அன்னக்கிளியையும் இறங்கச் சொன்னான், அவள் இறங்கவில்லை. முதல் கியரில் கிளம்பி, பெடலைத் தகரத்தில் படும்வரை அழுத்தினான். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. முன்பு நின்ற இடத்தில் நிற்கவில்லை. கரை உச்சியில் சக்கரங்கள் சமதளத்துக்கு வந்தபோதுதான் அவன் மூச்சு விட்டான், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன, அழுதீங்களா?" என்றாள் அவள்.

"கண்ணுல புழுதி, ஏட்டி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். வாரக்கணக்கில் கேட்காத சிரிப்பு. அவளுக்கும் அடக்க முடியவில்லை. கரைக்கு அந்தப்பக்கம் குடங்களை எடுத்துக்கொண்டு பெண்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.