மருந்து பலிக்காத தேதி

1
இந்தக் கதை ஒரு படிவத்தின் பதினோராம் கட்டத்தில் பிறந்தது. அமெரிக்காவில், அப்பலாச்சிய மலையடிவாரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மதிய இடைவேளையில் கதை எழுதுவேன்.

முதல் தொடக்கம்: மலைமேல் மூடுபனி இறங்கியபோது ஒலேட்டா

(விட்டுவிட்டேன். அவள் வந்தது வியாழன் பகல் பதினொரு மணி. நல்ல வெயில்.)

2
ஒலேட்டா ஸ்டிடம் என்னோடு படித்தவள். முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, முப்பது மைல் கார் ஓட்டிப் போகிறாள். ஒரு மாத்திரையின் தயவில் இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. இந்த மாதம் எங்கள் மாநில மெடிக்கெய்டு, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம், அந்த மாத்திரையைத் தான் பணம் தரும் மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. விலக்குக் கேட்கும் படிவத்தை அவள் முன் வைத்தேன்.

"பதினொண்ணுல 'பலிக்காத தேதி'ன்னு போட்டிருக்கே, என்னது வர்ஜில்?"

"பட்டியல்ல இருக்கிற மலிவு மருந்தைச் சாப்பிட்டும் உனக்கு வலிப்பு வந்த தேதி."

"வந்தா என் மாத்திரை கிடைக்குமா?"

"இன்னொரு மலிவு மருந்து தருவாங்க. அதுலயும் வந்தா, கிடைக்கும்."

"ஒரு தடவை வலிப்பு வந்து விழுந்தாலே கார் லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. அப்புறம் உங்கப்பனா என்னை வேலைக்குக் கொண்டுவிடுவாரு?"

"அவருக்குக் கண்ணு தெரியாது."

3
விதி எல்லோருக்கும் ஒன்றுதான். நானும் இந்தக் கதைக்கு முதலில் இரண்டு மலிவு முடிவுகளை முயன்று பார்த்தேன்.

ஒன்று: அதிகாரி மனமிரங்கி ஒப்புதல் தருகிறார். (பலிக்கவில்லை. தொலைபேசியில் அதிகாரி வந்ததே இல்லை, பாட்டுதான் வருகிறது.)

இரண்டு: பாலத்துக்குச் சற்று முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கை

(இதை எழுத மாட்டேன். எழுதினால் பதினோராம் கட்டம் நிரம்பிவிடும். எனக்கு ஆத்திரமாக வருகிறது.)

4
ஒப்புதல் வரும்வரை மூன்று நாள் மருந்து தரலாம் என்று விதி உண்டு. தந்தேன்.*

"ஞாயிறு காலையோட தீர்ந்துரும்," என்றாள்.

"திங்கக்கிழமை வா."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எனக்கு ஷிஃப்ட் இருக்கு."

* இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் மருந்துக்கடைக்காரன்தான். புட்டி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விதி மீறினால் உரிமம் போகும் என்கிறான். அவனுக்கும் ஒரு லைசென்ஸ் பயம்.

5
மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பிவிட்டேன். இன்று சனிக்கிழமை. கதை என்றால் ஏதாவது நடக்க வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். மாநிலமும் அதற்காகத்தான் காத்திருக்கிறது.

பேனா இதோ. பதினோராம் கட்டத்தைத் தொடாமல் முடிக்க முடிந்தால், நீங்களே முடியுங்கள்.