கொம்புக்கு என்ன சத்தம்?

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி உலகம். மனிதகுலம் இத்தனை காலம் கவனிக்கத் தவறிய இந்த உண்மையை அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் வெளியிட்டார். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. ஆனாலும் தெருமுனை வரை கேட்டது. பிள்ளைகள் அவருக்குப் பீரங்கி என்று பெயர் வைத்ததில் மிகை எதுவும் இல்லை.

அத்தனை உலகங்களையும் கட்டி மேய்க்க வந்திருப்பவர் என்று மேடையில் அறிமுகப்படுத்தப்பட்ட புது டீச்சர் எழுந்து நின்று கும்பிட்டாள். ஆசிரியப் பயிற்சியில் அவள்தான் முதல் மதிப்பெண். 'பன்முகக் கற்போருக்கான எனது தனிப்பட்ட அணுகுமுறை' என்று ஓர் அட்டை தயாரித்துக் கையோடு கொண்டு வந்திருந்தாள். நடுவில் ஒரு சூரியகாந்தி, இதழுக்கு ஒரு குழந்தை. ஐந்தாம் வகுப்புச் சுவரில் அதை ஒட்டிவிட்டு மின்விசிறியைப் போட்டாள். சூரியகாந்தி பறந்து போய்க் குப்பைக் கூடையில் தலைகுப்புற விழுந்தது. இதழ்கள் எல்லாம் பெஞ்சைத் தட்டிச் சிரித்தன.

நேரில் பார்த்தபோது அந்த உலகங்கள் வேறு மாதிரி இருந்தன. ஒருவன் பம்பரம். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான், வாயும் நிற்காது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்குக் காது மந்தம். தன் குரல் தனக்கே கேட்காததால் ரகசியத்தைக்கூட ஊருக்கே ஒலிபரப்புவான். ஆகவே அவன் ரேடியோ. ஜன்னலோரத்தில் ஒரு பெண். ஒரு வரி படி என்றால் அவள் அதை முடிப்பதற்குள் மற்றவர்கள் பாடத்தையே முடித்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள். அவளுக்குப் பெயர் நத்தை. அவளுக்குத் தலையில் ஏறாது என்று ஒன்றாம் வகுப்பிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மேல்முறையீடு செய்யத்தான் ஆளில்லை.

கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார் என்ற செய்தி வந்ததும் பீரங்கி புது டீச்சரைத் தன் அறைக்கு அழைத்தார். கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் நிறைந்திருந்தன. சாவி தொலைந்துவிட்டதால் தூசியும் அவற்றோடு உள்ளேயே குடியிருந்தது. அவர் கனிவாகத்தான் ஆரம்பித்தார். அந்த நத்தைப் பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் எல்லாருக்கும் நல்லது என்றார்.

"வராது சார்" என்றாள் புது டீச்சர். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

பீரங்கி வெடித்தது. அப்படியானால் அவள் அதிகாரி முன்னால் ஒரு வரி படிக்கட்டும், தட்டுத் தடுமாறினால் மறுநாளே மூன்றாம் வகுப்புக்கு இறக்கிவிடுவேன் என்றார்.

"ஒவ்வொரு குழந்தையும் ஒரு தனி உலகம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"உலகம்தான். யார் இல்லைன்னா? அது மூணாம் வகுப்புல சுத்தட்டும்."

அன்று மாலை புது டீச்சர் நத்தையின் வீட்டுக்குப் போனாள். அம்மா தையல்காரி. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக் காலரோடு போராடிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தி வைத்தாள்.

"பொடிசுங்க நடுவுல கொண்டுபோய் உக்கார வச்சா அவ பள்ளிக்கூடத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டா டீச்சரம்மா. எனக்கும் பொத்தானுக்குக் காஜா எடுக்க ஒரு ஆள் வேணுந்தான். ஆனா பாழாப்போன ஆசை விட மாட்டேங்குது."

மறுநாளிலிருந்து புது டீச்சர் தன் அஸ்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள். வண்ண எழுத்து, மணலில் எழுத்து, கைதட்டிப் படிப்பது, பாடிப் படிப்பது. பயிற்சியில் சொன்னது ஒன்று பாக்கியில்லை. எல்லாம் சுவரில் எறிந்த பந்துபோலத் திரும்பி வந்தன. கடைசியில் 'கொடி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தை விரலை முதல் கோட்டின் மேல் வைத்தாள். வைத்த விரல் நகரவில்லை.

"என்ன கண்ணு, என்ன யோசனை?"

பெண் மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், இந்தக் கொம்புக்கு என்ன சத்தம்?"

முதல் மதிப்பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தமோ எழுத்துக்குப் பின்னால் வருகிறது. மற்ற பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் சொல்லை முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டார்கள். டீச்சரும் அப்படித்தான் விழுங்கியிருந்தாள். இந்தப் பெண் மட்டும் கண்ணுக்கு எது முதலில் படுகிறதோ அதற்கு முதலில் சத்தம் தேடினாள். இல்லாத சத்தத்தைத் தேடி ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அத்தனை வருடமும் அவளை எல்லாரும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று முதுகில் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்குத் தனியா சத்தமே கிடையாது. முன்னாடி வந்து நிக்கும், ஆனா வாயத் தொறக்காது. எழுத்து வர்ற வரைக்கும் காத்திருக்கும்."

நத்தை யோசித்தாள். "அப்ப அது நம்ம பம்பரம் மாதிரி இல்ல."

வகுப்பே சிரித்தது. புது டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னாள்.

பம்பரம்தான் கொம்பு. ஒற்றைக் கொம்புக்கு ஒரு கை, இரட்டைக் கொம்புக்கு இரண்டு கை. ஓடி வந்து எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், எழுத்து பேசும்வரை வாய் திறக்கக் கூடாது. எத்தனையோ ஆசிரியர்கள் பிரம்பைக் காட்டியும் வாங்க முடியாத மௌனத்தை அவன் அன்று ராஜ உத்தியோகம்போல நிறைவேற்றினான். ரேடியோ புள்ளி. காது போனால் என்ன, உதட்டைப் படிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. யார் வாயில் சத்தம் அறுபடுகிறதோ அவர் தலையில் முஷ்டியை வைப்பான். மற்றவர்கள் கழுத்தில் சிலேட்டை மாட்டிக்கொண்டு எழுத்துகளானார்கள். நத்தை எதிரே நின்று படிப்பாள். சொல் நடந்து வந்து அவள் முன்னால் நின்றது. இப்போது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் நாள் 'கொடி', அப்புறம் 'கோபம்', அப்புறம் ஒரு முழு வாக்கியம்.

ஒரு நாள் 'முயற்சி' என்ற சொல்லுக்கு 'ற்' பக்கத்தில் ஒரு பெண் 'ச்' ஆகப் போய் நின்றுகொண்டாள். 'வாழ்க்கை'யில் மட்டும் இரண்டு புள்ளி சேர்ந்து நிற்கிறதே, இங்கே நின்றால் என்ன என்று வாதம் வேறு.

"ய், ர், ழ் மூணும் தாராள மனசு. இன்னொரு புள்ளிக்காரர் வந்தா இடம் குடுக்கும்" என்றாள் புது டீச்சர். "ற் அப்படியில்ல. பக்கத்துல புள்ளி வச்சவங்க யாரையும் சேர்க்காது. உனக்கு இங்க வேலை இல்ல, போய் உக்காரு."

அது வகுப்பின் வசைமொழியாயிற்று. தண்ணீர்க் குழாயில் முண்டியடித்தவனுக்கும் அதேதான்: "உனக்கு இங்க வேலை இல்ல, போய் உக்காருடா."

சத்தம் தாங்காமல் பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார் கோள் மூட்ட, பீரங்கி வந்து எட்டிப் பார்த்தார். இது வகுப்பா சந்தையா என்றார். "இலக்கணம் சார்" என்றாள் புது டீச்சர். அந்தச் சொல்லுக்கு அவர் சின்ன வயதிலிருந்தே பயந்தவர். பேசாமல் போய்விட்டார்.

அதிகாரி வரும் நாளுக்காக ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய பலகை ஏறியது. பெயிண்டர் ஏணியில் நிற்க, பீரங்கி கீழே நின்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தார். 'வருக வருக என வரவேற்க்கிறோம்.' சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம். அந்த வரியைப் பள்ளி முழுவதும் ஒரே குரலில் கத்திப் பழகியது. அதனடியில் நின்று புது டீச்சர் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி ஒல்லியான மனிதர். காலையிலிருந்து பல பள்ளிகளில் கைதட்டல் கேட்டுத் தலைவலியோடு இருந்தார். ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்து, யாராவது ஒருவர் படிக்கட்டும் என்றார். புது டீச்சர் நத்தையைக் கைகாட்டினாள். அதிகாரி புத்தகத்துக்குக் கை நீட்டுவதற்குள் பீரங்கி முந்திக்கொண்டு ஜன்னலைக் காட்டி, அந்தப் பலகையையே படிக்கட்டும் ஐயா என்றார். கிளிப்பிள்ளைகூடச் சொல்லும் வரி, பள்ளியின் மானம் தப்பித்தது என்று அவர் கணக்கு.

நத்தை ஜன்னலுக்குப் போய் விரலை நீட்டினாள். 'வருக வருக என' வரைக்கும் வண்டி தடையில்லாமல் ஓடியது. "வ... ர..." அடுத்தது இரட்டைக் கொம்பு. யாரும் சொல்லாமலே பின்வரிசையில் பம்பரம் எழுந்து, இரண்டு கைகளையும் தூக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். "...வே." ரேடியோ ஜன்னலோரம் நகர்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ற்." முஷ்டியை மடக்கினான். "க்." மறுபடியும் மடக்கினான். மடக்கிய கையைப் பார்த்து அவனே முகம் சுளித்தான்.

நத்தை நின்றுவிட்டாள். திரும்பப் போனாள். "வரவேற்... க்..." மீண்டும் நின்றாள்.

புது டீச்சரின் காதில் தையல் இயந்திரத்தின் கடகட ஓசை கேட்டது.

"திக்குது ஐயா" என்று பீரங்கி சிரித்து வைத்தார். "கொஞ்சம் மந்தம். நாளைக்கே மூணாம் வகுப்புக்கு..."

"திக்கல சார்." பெண் திரும்பவில்லை, விரலும் நகரவில்லை. "ற் பக்கத்துல ஒரு க் நிக்குது. அதுக்கு இங்க வேலை இல்ல."

"போய் உக்காரச் சொல்லு" என்று ரேடியோ தன் வழக்கமான ரகசியக் குரலில் சொன்னான். அது வாசல்வரை கேட்டது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பலகையைப் பார்த்தார். பீரங்கி பார்த்தார். இத்தனை நாளும் அதைக் கத்திய கணக்கு வாத்தியார் பார்த்தார். புது டீச்சரும் அப்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தாள். பள்ளி முழுவதிலும் பலகையில் இருப்பதைப் படித்தது ஒரே ஒரு ஆள்தான். மற்ற அனைவரும் தங்கள் மனதில் இருந்ததைப் படித்திருந்தார்கள்.

அதிகாரி புது டீச்சர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, அது தப்பா? நான் இத்தனை வருஷமா அப்படித்தான் எழுதறேன்."

"ஆமாங்க ஐயா. ற் பக்கத்துல இன்னொரு மெய்யெழுத்து நிக்காது."

அவர் சிரித்தார். தலைவலி போய்விட்டதுபோல் இருந்தது. "மீதியைப் படிம்மா" என்றார். நத்தை படித்தாள். "கி... றோ... ம்." முன்னால் கொம்பு, பின்னால் கால், தலையில் புள்ளி, யாருக்கும் குறை வைக்காமல். ஐந்தாம் வகுப்பு எழுப்பிய சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பம்பரம் அப்போதுதான் வாயைத் திறந்தான். "டேய், நத்தை பீரங்கி மேலயே ஏறிப் போயிடுச்சுடா."

இந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில்தான் இருக்க வேண்டும், முடிந்தால் அடுத்த வருடம் ஆறில் என்று அதிகாரி எல்லார் முன்னிலையிலும் சொன்னார். சாயங்காலம் தையல்காரி வாயில் குண்டூசியோடு சிரிக்கப் போய் உதட்டில் குத்திக்கொண்டாள். மறுநாள் காலைக் கூட்டத்தில், நமது பள்ளியின் தனித்துவமான அணுகுமுறை, அதை வகுத்தவன் என்ற முறையில் எனக்குக் கிடைத்த பெருமை என்று பீரங்கி நெடுநேரம் முழங்கினார். மெதுவாகப் படிக்கும் கண்ணே கூர்மையான கண் என்றும் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். புது டீச்சரும் தட்டினாள்.

அடுத்த வாரம் பழைய பலகையை இறக்கிவிட்டுப் புதுப் பலகை மாட்டினார்கள். அதில் 'வெல்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது.