ஏழடிக்கு இரண்டு இஞ்ச் குறைவு

என் மகளுக்குப் பதினைந்து வயது. இத்தனை வருஷமும் வாடகை வீடுகளின் ஹால் சோபாவில்தான் படுத்தாள். விருந்தாளி வந்துவிட்டால் அதுவும் போச்சு. "சொந்த வீடு கட்டினா உனக்குக் கதவு வச்ச தனி ரூம்" என்று நான் வாக்குக் கொடுத்தபோது அவளுக்கு ஆறு வயது. பிள்ளைகள் இதையெல்லாம் மறந்துவிடும் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவள் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

புது வீட்டில் இடம் குறுகல். அதனால் சரிவுக் கூரைக்கு அடியில் அந்த அறையைக் கட்டினோம். ஜன்னல் வைத்து, கதவும் மாட்டியாகிவிட்டது. அது படுக்கையறைதான் என்று சான்றளிக்க அதிகாரி ஒருவர் வந்தார். வணக்கம் சொல்வதற்கு முன்பே வாசற்படியை அளந்தார். என் மனைவி அந்த நிமிஷமே அவருக்கு "இஞ்ச் டேப்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

மேலே போனதும் இஞ்ச் டேப் உதட்டைப் பிதுக்கினார். "ரூம்ல பாதி இடமாவது ஏழடி உயரம் இருக்கணும் சார். இங்க எங்கயுமே ஆறடி பத்து இஞ்சுக்கு மேல இல்லையே."

மேஸ்திரி ஏழடி வைத்துத்தான் கட்டினார். தப்பு என்னுடையது. குளிரில் மகளுக்குக் கால் சில்லிடக் கூடாதென்று சிமெண்டுத் தரைமேல் பலகை அடிக்கச் சொன்னது நான். அது இரண்டு இஞ்சைத் தின்றுவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இந்த மனுஷனிடம் அதெல்லாம் எடுபடாது.

"பலகையப் பேத்துடறேன்" என்றேன்.

"பேத்தா ஜன்னல் தரையிலேருந்து ரொம்ப மேல போயிடும். தீப்பிடிச்சா ஏறித் தப்பிக்க முடியாது. அது வேற விதி."

கூரையை உயர்த்தலாமா என்றால், வீட்டின் மொத்த உயரம் ஏற்கெனவே வரம்பைத் தொட்டுவிட்டதாம். இருதலைக்கொள்ளி எறும்பு மாதிரி நின்றேன். என் மண்டைக்கும் கூரைக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது என்பது வேறு விஷயம்.

"படுக்கிற ரூம்ல எதுக்கு சார் நிக்கணும்?" என்றாள் மனைவி.

"படுக்கணும்னா மொதல்ல நிக்கணும்லம்மா" என்றவர், சந்தேகம் வந்து தானே பலகையில் படுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார். "படுத்தா உயரம் ஏராளம். காத்தும் நல்லா வருது" என்று ஒப்புக்கொண்டார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. குறட்டை வருமோ என்று பயந்தோம்.

எழுந்தபோது மனசு இளகியிருந்தது. "ரூம்னா முடியாது. பரண்னா உயரக் கணக்கே கிடையாது. ஆனா பரண்ல பொருள்தான் வைக்கலாம், ஆள் கூடாது."

"அப்ப என்னைப் பொருள்னு எழுதிக்கோங்க" என்றாள் மகள்.

நாங்கள் சிரித்தோம். இஞ்ச் டேப் சிரிக்கவில்லை. பையிலிருந்து பரணில் வைக்கும் பொருளுக்கான படிவத்தை எடுத்தார். கீழே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தேன். பொருளின் பெயர்: மகள். எண்ணிக்கை: ஒன்று. எடை: சொல்ல மறுத்துவிட்டாள். எளிதில் தீப்பற்றுமா என்ற கேள்விக்கு, "காலைல எழுப்பிப் பாருங்க, தெரியும்" என்றாள் மனைவி. உடையக்கூடியதா என்ற இடத்தில் யோசித்து, ஆம் என்று போட்டேன்.

கடைசிக் கட்டம்: நிரந்தரமா, தற்காலிகமா? இதிலென்ன கேள்வி என்று "நிரந்தரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

"ஐயோ, நிரந்தரம்னா அது ரூம் கணக்காயிடும், திரும்ப மொத விதியிலேருந்து வரணும் சார். நாலு வருஷத்துக்குள்ள எடுத்துடுவோம்னா தற்காலிகம். இப்பவே முத்திரை குத்திடுவேன். எடுத்துடுவீங்கள்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள், "மூணு வருஷம்னு போடுங்கப்பா. அப்புறம் நான் படிக்க வெளியூர் போயிடுவேன்ல" என்றாள் மகள். சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷம் நாயாய் அலைந்து கட்டிய அறை. இருக்கப்போவது மூன்றே வருஷம். இந்தக் கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

"நிரந்தரம்னே இருக்கட்டும் சார்" என்றேன். "மொத விதியிலேருந்தே வாங்க. வருஷா வருஷம் வந்து அளங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல!" விதியைத் தன் தலையிலேயே போடச் சொல்லி அதிகாரியிடம் சண்டை பிடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"அப்பா!" மகளின் குரல் உடைந்தது. "அப்ப நான் இன்னும் ஹால்லதான் படுக்கணுமா?"

நிரந்தரத்தை அடித்தேன். கோடு கோணலாகப் போயிற்று. பக்கத்தில் மூன்று ஆண்டு என்று எழுதினேன்.

இஞ்ச் டேப் முத்திரை குத்திவிட்டு, "பாத்தீங்களா சார், எவ்வளவு சுலபமா முடிஞ்சுடுச்சு" என்று கை நீட்டினார். நானும் குலுக்கினேன். மகள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தாள்.