ஒரு வரிக்குப் பதினெட்டு நாள்

கல்முனைக்குடியில் ஸம்றா முகநூல் லைவில் எட்டாயிரத்து நூறு ரூபாவுக்கு ஒரு டினர் செற் வாங்கினாள். மறுநாள் காலை, மகளுக்காக அவள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சுவரில் தொண்ணூறு கல் குறைந்திருந்தது. எதுவும் இடிந்து விழவில்லை. நிலத்தில் துண்டோ தூளோ கிடக்கவில்லை. மேல் வரியிலிருந்த கற்கள் இல்லை, அவ்வளவுதான். அந்த வருடம் ஒரு புளொக் கல்லின் விலை தொண்ணூறு ரூபா.

பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் மேசன் புண்ணியமூர்த்தி முதலில் கள்ளனைத்தான் நினைத்தான். வளவை இரண்டு தடவை சுற்றி வந்தான். "தொண்ணூறு கல்லத் தூக்குறவன் வண்டியோடதான் வந்திருக்கணும் தங்கச்சி. வண்டித் தடத்தயும் காணல்ல, கால் தடத்தயும் காணல்ல," என்றான். பிறகு இல்லாமல் போன வரியைத் திரும்ப வைத்தான். அதற்கும் கூலி வாங்கினான். வாங்காமல் எப்படி, அவனுக்கும் வீடு இருக்கிறது.

இந்தக் கரையோரத்தில் பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்ட வேண்டும். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவான். வரும்போது கைக்கூலி என்று காசும் கேட்பான். பிள்ளைக்குப் பெயர் வைக்க முன்பே வளவுக்கு விலை விசாரித்தவர்கள் உண்டு. மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை குத்பாப் பிரசங்கத்தில் அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை மேசனைத் தேடிப் போவார்கள். ஸம்றாவின் கணவன் இன்ஸாப் இதற்காகவே கட்டாரில் பதினொரு வருடமாகத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். வந்து போனது இரண்டு தடவை. வீட்டுக்குக் கூரை போட்ட அன்றைக்கு ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். முதல் பத்து வருடம் வளவுக்கும் அத்திவாரத்துக்கும் போனது. இப்போது குடும்பச் செலவு போக மிஞ்சுவதில் ஒரு வரி கல் வைக்க அவனுடைய பதினெட்டு நாள் உழைப்புப் போனது. இந்தக் கணக்கைப் போட்டது மகள் றிஸ்னா. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து, வேலை கிடைக்காமல், பின்னேரங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்த யாரும் கல்லைத்தான் பார்த்தார்கள். அவள் நாட்களைப் பார்த்தாள்.

பிறகு ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாவுக்கு ஒரு ஷோல் வந்தது, பதினைந்து கல் போனது. கண்ணாடிக் குடுவையில் வைக்கும் பிளாஸ்டிக் பூவுக்குப் பத்துக் கல். யாரும் சொல்லி வைக்காத இந்தக் கணக்கு ஒரு கல்லும் பிசகவில்லை. அரிசி, மீன், கரண்ட் பில், ஸம்றாவின் பிரஷர் மாத்திரை, கேட்டு வந்தவருக்குக் கொடுத்த ஐந்நூறு என்று எதற்கும் சுவர் அசையவில்லை. றிஸ்னா ஒரு கொப்பித் தாளில் மாதச் செலவை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். தாளில் உள்ளதை வாங்கினால் கல் போகவில்லை, இல்லாததை வாங்கினால் போனது. ஆகவே தாளில் எழுதுவதுதான் சட்டம் என்று வீட்டில் முடிவாயிற்று. தப்பு அங்கேதான் நடந்தது.

ஸம்றா வீண் செலவுக்காரி என்று தெருவில் கதைத்தார்கள். அவளுடைய ஃபோனைக் கேட்டிருந்தால் வேறு மாதிரிக் கதைத்திருப்பார்கள். பின்னேரம் லைவ் தொடங்கும்போது, சாய்ந்தமருதிலிருந்து சாமான் விற்கும் ஒரு பிள்ளை, "ஆ, ஸம்றா ராத்தா வந்துட்டாங்க! சுகமா ராத்தா? உங்கட நிறம் ஒண்டு வச்சிருக்கன்," என்று கூப்பிடுவாள். பதினொரு வருடத்தில் அவளை அந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு ஆள் இருக்கவில்லை. இன்ஸாப் ஃபோன் கோல் எடுத்தால் முதல் கேள்வி, "எத்தின வரி வந்திரிக்கி?"

தாள் ஒட்டிய பிறகு எட்டு மாதம் அவள் ஒன்றும் வாங்கவில்லை. லைவைப் பார்ப்பாள், கை ஃபோனுக்கு மேலே போய்த் திரும்பி வரும். ஒருநாள் எயார் ஃபிரையர் ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, எழும்பிப் போய்ச் சுவரைப் பார்த்து, வந்து ஓர்டரை வெட்டினாள். சுவர் பத்து வரிக்கு வந்தது. ஆயிரத்து நானூற்றிருபது கல்.

அப்போதுதான் அட்டாளைச்சேனையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றிஸ்மி. அவனுடைய உம்மா வளவைச் சுற்றிப் பார்த்தாள், ஜன்னல் வைக்கும் இடைவெளிக்குள் தலையை நீட்டினாள், அறைகளைக் காலால் அளந்தாள். "வீடு பரவாயில்ல. நாங்க ஒண்டும் கேக்கல்ல மச்சி. உங்கட மகளுக்கு நீங்க செய்றதுதானே. எங்கட புள்ள வேலைக்குப் போய்வர ஒரு மோட்டர் சைக்கிள் இரிந்தா அவளுக்கும் லேசி," என்றாள்.

றிஸ்னா டியூஷன் விட்டு வந்தபோது ஃபிரிட்ஜிலிருந்த தாளில், மீனுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில், உம்மாவின் வடிவான எழுத்தில், மோட்டர் சைக்கிள் என்று இருந்தது. ஸம்றா மாதாமாதம் போட்டு வந்த சீட்டுக் காசு ஒன்றரை இலட்சம் அன்று காலையே கடையில் முற்பணமாகப் போயிருந்தது.

"தாள்ல எழுதித்தானே மகள் குடுத்தன்," என்றாள் ஸம்றா.

"எழுதினா அது தேவையாகிருமா உம்மா? நாளைக்கு யானையெண்டு எழுதுங்க, அதையும் வாங்குவம்."

"படிச்சவ கதைக்கிறா. இரிபத்தேழு வயசில உன்ன வச்சிட்டு நான் என்ன செய்ற? சொல்லு பாப்பம்."

மறுநாள் காலை வீடு இருக்கவில்லை. அத்திவாரம் மட்டும் மழை கழுவிய மாதிரிச் சுத்தமாகக் கிடந்தது. ஒன்றரை இலட்சத்துக்கு ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறு கல் வேண்டும். சுவரில் அவ்வளவு இல்லாததால், மீதி இருநூற்று நாற்பத்தாறும் வேலிப் பக்கம் அடுக்கியிருந்த புதுக் கல்லிலிருந்து போயிருந்தது. மூன்றாம் நாள் றிஸ்மியின் உம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: வீடில்லாத இடத்தில் மகனை எங்கே இருத்துவது? மாயம் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஸம்றா அத்திவாரத்தில் குந்தியிருந்து அழுதாள். றிஸ்னா பக்கத்தில் இருந்தாள், தேற்றவில்லை. "அந்தச் சுவருக்குத் தெரிஞ்சது இந்த ஊருக்குத் தெரியல்ல," என்றாள். பிறகு எழும்பிக் கடைக்குப் போனாள். முகாமையாளர் இரண்டு மணித்தியாலம் அவளை இருத்தி வைத்து, மூவாயிரம் கழித்துக்கொண்டு முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். காசு வந்தது, கல் வரவில்லை. மிஞ்சிக் கிடந்த இருநூற்று எண்பத்துநான்கு கல்லில் புண்ணியமூர்த்தி இரண்டு வரி வைத்தான். முழங்கால் உயரம்.

அன்று பின்னேரம் றிஸ்னா வாப்பாவுக்குக் கோல் எடுத்தாள். வீடு போனதைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் பவுசரின் இஞ்சினை நிறுத்தினான்.

"அப்ப மறுகா முதல்லயிரிந்து தொடங்கணும்," என்றான் இன்ஸாப்.

"இல்ல வாப்பா. வாங்க."

"கூரை?"

"கூரைய விடுங்க. நீங்க வாங்க."

டிக்கெட் தொண்ணூறாயிரம். ஆயிரம் கல். அது மாதச் செலவில் இல்லாத சாமான். வாங்கினால் இரண்டு வரியும் போய், அத்திவாரத்தையும் நிலத்தோடு தோண்டிக்கொண்டு போகும் என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும். றிஸ்னா பேனையை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜடிக்குப் போனாள். ஸம்றா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"எழுதாத மகள். எழுதி ஏமாத்தப் பாத்தது போதும். போறதெண்டால் போகட்டும்."

டிக்கெட் எடுத்தார்கள். விடியலில் சுபஹு தொழுதுவிட்டு ஸம்றா தனியாக வளவுக்குப் போனாள். புண்ணியமூர்த்தி வந்து சேரும்போது, அவள் மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூற்று எண்பத்துநான்கு. அவனும் ஒரு தடவை எண்ணினான். "சரியாத்தான் இருக்கு தங்கச்சி," என்று சொல்லிவிட்டுச் சாந்துக் கரண்டியைக் கழுவினான்.

இன்ஸாப் ஒரு சூட்கேஸோடும் இடுப்பு வலியோடும் வந்து இறங்கினான். பதினொரு வருடம் உழைத்துக் கட்டிய வீட்டை அவன் படத்தில் தவிர அதிகம் பார்த்ததில்லை. முழங்கால் உயரச் சுவரைச் சுற்றி நடந்தான், ஓர் இடத்தில் கையால் தட்டினான், அதன் மேலேயே இருந்துகொண்டான். "இரிக்கச் சரியான உயரம்," என்றான். ஸம்றா தேத்தண்ணி கொண்டு வந்தாள். அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கச் சொன்னான். எத்தனை வரி என்று கேட்கவில்லை. அன்று பின்னேரம் சாய்ந்தமருதுப் பிள்ளை லைவில் ஸம்றா ராத்தாவை இரண்டு மூன்று தடவை தேடிவிட்டு விட்டுவிட்டாள்.

ஊருக்கு வந்த இன்ஸாப் ஒரு சதமும் உழைக்கவில்லை. சந்தைக்குப் போனான், பள்ளிக்குப் போனான், மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தான். பதினெட்டாம் நாள் காலை, டிக்கெட் போக மிஞ்சிய காசில் இறக்கிய புதுக் கல்லை வைக்க வந்த புண்ணியமூர்த்தி, தான் வைக்காத மூன்றாம் வரி சுவரில் இருப்பதைக் கண்டான். நூலைப் பிடித்துப் பார்த்தான், மட்டம் வைத்துப் பார்த்தான். கோணல் இல்லை. அந்த வரிக்குக் கூலி எழுதவில்லை. சாந்து குழைத்து, அதன் மேல் நான்காம் வரியை வைக்கத் தொடங்கினான்.