காப்பிக் கேக்கும் புறவாசல் படியும்

"கேக் கருகிச்சுன்னா நாளைக்குச் செக்கிங் டேபிள் பக்கம் வந்துராதே" என்றார் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஆறுச்சாமி. பனியன் ஆர்டர் கொடுக்க வந்திருந்த ஜெர்மன் அம்மாள், காப்பிக் கேக் என்றால் தனக்கு உயிர் என்று பேச்சுவாக்கில் சொல்ல, எங்கள் வீட்டிலும் அடிக்கடி செய்வோம் என்று இவர் பீற்றிக்கொண்டுவிட்டார். எங்கள் ஊர் வீரபாண்டியில் கேக் சுடத் தெரிந்தவள் நான்தான். கான்வென்ட் ஆஸ்டல் சமையலறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள்.

ஆனால் முதலாளி வீட்டு அடுப்படிக்குள் எங்கள் சனம் கால் வைக்கக் கூடாது. வைத்தாலும் வேலை போய்விடும். ஆகவே நான் புறவாசல் படியில் நின்று சொல்ல, முதலாளியம்மா தெய்வாத்தாள் உள்ளே செய்தார். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துக் கூத்து இது. நான் தொட்டு மடித்த பனியனை ஊர் உலகமே போட்டுக்கொள்ளும், நான் கரண்டியைத் தொட்டால் தீட்டு. என்ன நியாயமோ!

ஊத்துக்குளி வெண்ணெயில் சர்க்கரையைக் குழைத்து, முட்டையை அடித்து ஊற்றி, மைதாவைச் சலித்துப் போட்டார். வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக உடைத்துக் கலந்தார். டிகாக்‌ஷன் ஊற்றும்போது மட்டும் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டச் சொன்னேன். நிறம் வந்ததும் "போதுங்கம்மா" என்றேன். சுடுமணல் நிரப்பிய குண்டாவுக்குள் கிண்ணத்தை இறக்கி மூடி, மூடிமேல் தணல் போட்டார்.

அரை மணி நேரத்தில் காப்பி மணம் வந்தது. கூடவே காந்தல் நாற்றமும் வந்தது. முன்வாசலில் ஜெர்மன் அம்மாளின் கார் வந்து நின்றது.

"அம்மா, தணலைத் தள்ளுங்க! குண்டாவை எறக்குங்க!"

"எங்க புடிக்கறதுன்னே தெரீலயே, மயிலா!" தெய்வாத்தாள் இடுக்கியை நழுவவிட்டார். தணல் தரையில் சிதறியது. அவர் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

எப்படியும் போகிற வேலை, கேக்காவது பிழைக்கட்டும். உள்ளே பாய்ந்தேன். முந்தானையால் பிடித்துக் குண்டாவை இறக்கிக் கிண்ணத்தை எடுத்தேன். அடியில்தான் லேசாகப் பிடித்திருந்தது. அதைச் சீவிப் போட்டுவிட்டுப் படிக்கு வெளியே வந்து நின்றேன். உள்ளங்கை வெந்திருந்தது.

"நீ உள்ள வந்தது யாருக்குந் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தெய்வாத்தாள் கேக்கோடு கூடத்துக்குப் போனார்.

சிரிப்பும் பேச்சும் கேட்டன. என் வேலை தப்பித்துவிட்டது. ஆனால் எல்லாம் தன் சம்சாரத்தின் கைப்பக்குவம் என்று முதலாளி அளந்துகொண்டிருந்ததைக் கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

தெய்வாத்தாள் ஓடிவந்தார். "டிகாக்‌ஷன் எத்தனை ஊத்துனோம்? அந்தம்மா நோட்டுல எழுதிக்கறாங்களாம். அவரு முழிச்சுட்டு நிக்கறாரு. வெரசாச் சொல்லு!"

"உள்ள வந்து சொல்றனுங்கம்மா."

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு நடந்தேன். என்னைக் கண்டதும் முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"அரை டம்ளருங்க. நெறம் பார்த்து நாந்தான் ஊத்தச் சொன்னேன்" என்றேன்.

அதை அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல, முதலாளியை விட்டால் அங்கே வேறு ஆள் இல்லை.