மற்றொரு பெண்

வெண்கலப் பலகையில் பொறிக்கப்போகும் வாசகத்தைப் படித்ததும் எர்னஸ்டின் டாலிவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1961 ஜூனில், இதே நிறுத்தத்தில், பேருந்தின் முன்னிருக்கையில் வெள்ளையருக்கான இடத்தில் அமர்ந்து, எழ மறுத்துக் கைதானவர்கள்: வெல்மா கெய்ன்ஸ், மற்றொரு பெண்.

"மற்றொரு பெண்ணா? அப்ப நான் என்ன வெல்மா மடியிலயா உக்காந்திருந்தேன்? ஜன்னலோர சீட்டே என்னுதுதான்டி!"

பலகைக் குழுவின் செயலாளர் லொரெய்ன் மேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எர்னஸ்டினுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவள்தான்.

"மிஸ் எர்னஸ்டின், ஊருக்கே தெரியும். ஆனா மேல காகிதம் கேக்கறாங்க. வெல்மாவோட கைது ரெக்கார்டு கோர்ட்ல இருக்கு. உங்களுது இல்லையே."

இல்லைதான். ஏன் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அந்த ஒரு கைதைச் சொல்லியே அலபாமாவில் இரண்டு மருத்துவமனைகள் அவளுக்கு நர்ஸ் வேலை தர மறுத்தன. கடைசியில், ஏழு வருடத்துக்கு முன், பழைய வழக்குகளை அழித்துத் தருகிறோம் என்று மாவட்ட நீதிமன்றம் கூப்பிட்டது. எர்னஸ்டின் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டாள். கேக் எல்லாம் வெட்டினார்கள். வெல்மா மட்டும் வரவில்லை.

"தப்பு பண்ணவதான் அழிக்கணும். என்னுது அங்கயே கிடக்கட்டும்" என்றாள். "பிடிச்ச பிடிதான் உனக்கு" என்று எர்னஸ்டின் திட்டிவிட்டு வந்தாள். வெல்மா செத்து இரண்டு வருடமாகிறது. இப்போது கல்லறைக்குள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எர்னஸ்டினுக்கு அழுகையே வந்தது.

நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தாள். குமாஸ்தா கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லம்மா. சுத்தம்!" நல்ல சேதி சொல்லிவிட்ட நினைப்பு அவனுக்கு. வழக்கை அழித்தபோது நீதிமன்றம் தந்த கடிதத்தை வீட்டில் தேடி எடுத்துக் குழுவிடம் கொடுத்தாள். 'உங்கள் மீது எந்த வழக்கும் இல்லை' என்று மட்டும் அதில் இருந்தது. பஸ் என்ற பேச்சே இல்லை. அன்றைய செய்தித்தாளோ 'இரு நீக்ரோப் பெண்கள்' என்பதோடு முடித்துக்கொண்டிருந்தது.

திறப்பு விழா சனிக்கிழமை காலை. வெயில் மண்டையைப் பிளந்தது. முன்வரிசை நாற்காலிகளில் பெரிய மனிதர்களின் பெயர் ஒட்டியிருந்தது. எர்னஸ்டினுக்கு நாலாவது வரிசை, 'வெல்மாவின் நண்பர்கள்' என்ற அட்டைக்குக் கீழே. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், மேயர் பெயர் ஒட்டிய நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

லொரெய்ன் ஓடி வந்தாள். "ஐயோ, அது மேயரோடது!"

"தெரியும். படிக்கத் தெரியும் எனக்கு."

மேயர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, எழுந்திரு என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில் போலீஸ்காரன் டைரெல் டாபின்ஸ் வந்தான். அதே தேவாலயத்துப் பையன்.

"மிஸ் எர்னஸ்டின், கொஞ்சம் எழுந்திருங்கம்மா. கேமரா எல்லாம் வந்திருக்கு."

"மாட்டேன்."

"அப்புறம் நான் என்னதான் பண்ணட்டும்?"

"உன் வேலையப் பண்ணு. பாக்கெட்ல நோட்டு இருக்குல்ல? எழுது."

"எதை எழுதறது?"

"எர்னஸ்டின் டாலிவர். முன் சீட்டுல உக்காந்தா. எந்திரிக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டா."

டைரெல் மேயரைப் பார்த்தான். மேயர் தரையைப் பார்த்தார். அவன் பேனாவை எடுத்து எழுதினான். ஒவ்வொரு எழுத்தையும் எர்னஸ்டின் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தேதி போடு."

போட்டான்.

"கையெழுத்து."

அதையும் போட்டான்.

"ஒரு நகல் குடு. இந்தத் தடவை எவன் கேக் வெட்டிக் கூப்பிட்டாலும் அழிக்க விடமாட்டேன்" என்றாள் எர்னஸ்டின், நாற்காலியை விட்டு எழாமலே.