தன் வீட்டுக்கே வாரிசு

வாரிசுப் பட்டியலில் 'நக்லே' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். எமில் பிறந்த நாளிலிருந்து ஊர் அவரை அபூ எமில், எமிலின் அப்பா, என்றுதான் கூப்பிடுகிறது. நக்லே என்பதெல்லாம் பத்திரத்தில் மட்டும். பத்ரூனில் இந்தத் தெருவுக்கு முக்தார் நான். யார் பிறந்தார், யார் போனார், போனவருக்கு யார் வாரிசு என்று எழுதி முத்திரை குத்துவது என் பிழைப்பு. மகனுக்கு அப்பாவை வாரிசாக முன்பும் எழுதியிருக்கிறேன். அப்பா குடியிருக்கும் வீட்டையே மகன் விட்டுப்போன சொத்தாக எழுதத்தான் கை கூசியது.

யோசனை சொன்னவனே நான்தான். மனைவி போனபிறகு அபூ எமில் என்னிடம் வந்து புலம்பினார். தான் கண்ணை மூடினால் ஒரே மகன் மாண்ட்ரியாலிலிருந்து வந்து வாரிசு வரி கட்டி, அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டுமே என்று. அவன் பேருக்கு விற்றதாக இப்போதே பத்திரம் போட்டுவிடு, ஊரே அதைத்தான் செய்கிறது என்றேன். சாகும்வரை நீ இங்கே இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

"எம் மகன் என்னைத் துரத்துவான்னு எழுதச் சொல்றியா? நோட்டரி முன்னால எனக்கு மானம் போகணுமா?"

நானும் விட்டுவிட்டேன்; அந்த வரி இல்லாமலே வீடு எமில் பேருக்குப் போனது. விட்டிருக்கக் கூடாது. வரிசையில் தான்தான் முன்னால் நிற்கிறோம் என்று எல்லா அப்பாக்களும் நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் மாண்ட்ரியாலில் தன் வீட்டு வாசலில் பனி வாரும்போது எமில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நாற்பத்தெட்டு வயது.

மருமகள் ஜோசலின் நல்ல பெண். வீடு உங்களுடையது மாமா என்று தொலைபேசியில் அழுதிருக்கிறாள். ஆனால் பிள்ளைகள் இரண்டும் மைனர். அவர்கள் பங்கை அம்மாவே நினைத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டை விற்றுப் பணத்தைப் பிள்ளைகள் பேரில் போட வேண்டும் என்று அங்கே வக்கீல் சொல்கிறாராம். திட்டித் தீர்க்கலாம் என்றால் கெட்டவர் ஒருவர்கூட இதில் இல்லை.

சர்க்கரை போடாத துக்கக் காபியை இருவரும் முற்றத்தில் குடித்தோம்.

"எனக்கு எவ்வளவு வரும்?"

"ஆறுல ஒண்ணு."

"அதுக்கும் வரி உண்டா?"

கணக்குப் போட்டுத்தான் சொல்வார்கள் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். இந்த வீட்டிலிருந்து நான் வெறுங்கையோடு போனதே கிடையாது. அபூ எமில் வழக்கம்போல எலுமிச்சை மரத்தடிக்குப் போய், கிளையை வளைத்து, பழுத்ததாக ஒன்றைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

"பேரப் பிள்ளைங்கள ஒரு வார்த்த கேக்கணுமோ, முக்தார்?"

பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பறிக்கவும் இல்லை, கிளையை விடவும் இல்லை.